வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம்



வீடு வாங்குவது என்பது நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்யும் காரியம். ஒரு முறைதான் செய்கிறோம் என்பதனால், அதில் கற்ற பாடம் நமக்கே மறுபடியும் பயன்படுவதில்லை; பிறருக்குச் சொன்னால்தான் பயன்படும். அந்த எண்ணத்தோடுதான் இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன். விற்பனைக்கு என்று பலகை தொங்காத ஒரு வீட்டை விரும்பி, அதன் உரிமையாளருக்கு நேரே கடிதம் எழுதிக் கேட்பது எப்படி, எப்படிக் கேட்கலாகாது என்பதே என் பேச்சின் பொருள்.

நான் 34 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்பித்தவன். விடுமுறை விண்ணப்பம், நண்பனுக்கு வாழ்த்து, நகராட்சித் தலைவருக்குக் குடிநீர் முறையீடு என்று எத்தனையோ வகைக் கடிதங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். ஆயினும் எனக்கென்று ஒரு வீடு வேண்டிக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, முதற் கடிதத்திலேயே தவறினேன். அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த கும்பகோணத்தில், திண்ணையும் ரேழியும் கூடமும் முற்றமும் கொல்லைக் கிணறுமாக அமைந்த பழைய வீடுகள் நிறைந்த தெருக்கள் பல உண்டு. அவற்றில் பல வீடுகள் இன்று பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் படித்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் வேலைக்குப் போய்விட்டார்கள். பெரியவர்கள் மறைந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தார்கள். வீடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 2018-ஆம் ஆண்டு நான் ஓய்வு பெற்றபோது, நானும் என் மனைவியும் அத்தகைய தெரு ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தோம். எதிர்ச் சாரியில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, இது நமக்குக் கிடைத்தால் என்ன என்ற ஆசை எங்கள் இருவருக்கும் பிறந்தது.

தரகரிடம் சொன்னேன். தரகர்களைக் குறை கூற நான் வரவில்லை; அவர்கள் தொழில் நேர்மையான தொழிலே. ஆனால் தரகர் கையிலுள்ள பட்டியலில், விற்பதென்று முடிவு செய்தவர்களின் வீடுகளே இருக்கும். விற்கலாமா, வேண்டாமா என்று மனத்துக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருப்பவர்களின் வீடுகள் எந்தப் பட்டியலிலும் இரா. அவர்களை அணுக ஒரு கடிதமே தக்க வழி. தொலைபேசியில் கேட்டால், எதிரே இருப்பவர் அந்தக் கணமே ஏதாவது சொல்லியாக வேண்டும். கடிதமோ, மேசையின்மேல் ஒரு மாதம் காத்திருக்கும். விடை சொல்லவும் இடம் தரும். விடை சொல்லாமல் இருக்கவும் இடம் தரும். கேளாதவரிடம் போய்க் கேட்கும்போது இந்தப் பொறுமை இன்றியமையாதது.

உரிமையாளர் யார் என்று அறிவது இக்காலத்தில் கடினமன்று. பட்டா விவரமும் வில்லங்க விவரமும் அரசின் இணையதளங்களிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. ஆனால் பெயர் தெரிவது வேறு, முகவரியைக் கேட்டுப் பெறுவது வேறு. நான் பக்கத்து வீட்டாரிடம், எதற்காகக் கேட்கிறேன் என்பதை மறைக்காமல் சொல்லி, சென்னையிலிருந்த மகனுடைய முகவரியைப் பெற்றேன். இதுவரையில் நான் செய்தது சரியே.

2019-இல் என் முதற் கடிதத்தை அந்த மகனுக்கு எழுதினேன். அதன் நகல் இன்றும் என்னிடம் உள்ளது. இருபது வரிக் கடிதத்தில் பதினான்கு வரிகள் வீட்டின் குறைகளைப் பற்றியவை. மேல் ஒட்டில் நீர் கசிகிறது. கொல்லைச் சுவர் சாய்ந்துவிட்டது. மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து வேர்விட்டிருக்கிறது. இப்படியே விட்டால் ஆண்டுக்கு ஆண்டு மதிப்புக் குறையும். ஆகையால் இப்போதே விற்றுவிடுவது தங்களுக்கு நல்லது. இவ்வாறு எழுதினால் விலை படியும் என்பது என் எண்ணம். மாணவன் கட்டுரையில் சிவப்பு மையால் கோடிட்டுக் கோடிட்டுப் பழகிய கை, ஊரார் வீட்டின்மீதும் கோடிட்டுவிட்டது.

பதில் வரவில்லை. மூன்று மாதம் கழித்து நினைவூட்டினேன். அதற்கும் பதில் இல்லை. இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கடிதத்துக்குப் பதில் எழுதும் பண்பு இல்லை என்று என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

2021-ஆம் ஆண்டு பொங்கலுக்கு முன் அந்த வீட்டின் கதவு திறந்திருந்தது. மகள் வந்து வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நான் போய் என்னை அறிமுகம் செய்துகொண்டேன். "அந்தக் கடிதம் எழுதிய சார் நீங்கள்தானா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு மேலும் சுட்டது. "நீங்கள் எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை, சார். அம்மா என்னைத்தான் படித்துக் காட்டச் சொன்னார்கள். பாதியிலேயே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இந்தக் கூடத்தில்தான் போனார். அவர் இருந்தவரை சுவரில் புல்கூட முளைக்கவிட மாட்டார்."

அப்போதுதான் எனக்கு என் தவறு விளங்கிற்று. ஒரு வீட்டின் குறை அதன் உரிமையாளருக்குத் தெரியாததன்று. நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் தொலைவில் இருக்கிறார்கள். அந்த இயலாமையை நாம் வேறு தபாலில் அனுப்பி நினைவுபடுத்த வேண்டுமா?

என் கடிதத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. மகனுக்கு மட்டும் எழுதினேன். வீடு அந்தப் பெரியவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் 2017-இல் காலமானவர்; அவருடைய தாயார் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மனைவி, மகன், மகள் ஆகிய மூவருக்கும் அதில் சம பங்கு. மூவரும் கையெழுத்திடாமல் அந்த வீட்டை முழுமையாக விற்க முடியாது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், வீட்டு விஷயம் என்றால் ஆண்பிள்ளைக்கு எழுத வேண்டும் என்ற பழைய வழக்கம் என் பேனாவைப் பிடித்து இழுத்துவிட்டது. உரிமையுள்ளவர்களுள் மூத்தவரான அந்த அம்மாளுக்கு என் கடிதம், பிறர் வாய்வழியாகவே போய்ச் சேர்ந்தது.

மறு மாதமே இரண்டாம் கடிதம் எழுதினேன். இம்முறை அந்த அம்மாளுக்கே எழுதி, நகலை மகனுக்கும் மகளுக்கும் அனுப்பினேன். அதில் என்ன எழுதினேன் என்பதைச் சொல்கிறேன், வேண்டுவோர் குறித்துக்கொள்ளலாம்.

முதலில், முந்தைய கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு நான் யார், எந்தத் தெருவில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறேன், என்னைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்பதை எழுதினேன். முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொன்னேன். முன்பின் அறியாத ஒருவர் கடிதம் போட்டால், நம் முகவரி இவருக்கு எப்படித் தெரிந்தது என்பதே முதலில் எழும் ஐயம் அல்லவா? அடுத்து, வீடு எதற்காக வேண்டும் என்பது. நாங்கள் இருவரும் குடியிருப்பதற்காக. இடித்து அடுக்கு மாடி கட்டுவதற்காகவோ, மறுபடி விற்பதற்காகவோ அன்று. விலையைப் பற்றி நான் தொகை ஒன்றும் குறிப்பிடவில்லை. விற்கும் எண்ணம் இருந்தால், உள்ளூரில் விசாரித்து நியாயமான விலையைத் தாங்களே சொல்லலாம் என்று எழுதினேன். முடிவாக, விற்க விருப்பம் இல்லையானால் பதில் எழுத வேண்டிய கடமை தங்களுக்கு இல்லை என்றும், நான் மீண்டும் எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன் என்றும் எழுதினேன்.

கடிதத்தைச் சாதாரண உறையில், கையெழுத்திலேயே முகவரி எழுதி அனுப்பினேன். கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் தபாலாக அனுப்பவில்லை. பதிவுத் தபால் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் தபால்காரர் கையெழுத்துக் கேட்டால், வக்கீல் நோட்டீஸோ என்று முதியவர்கள் நெஞ்சு பதறுவது இன்னும் நின்றபாடில்லை. வீடு கேட்டுப் போகிற கடிதம் அப்படி மிரட்டிக்கொண்டு போகலாகாது. பதிலுக்கென்று என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைத்தேன்.

நாற்பது நாள் கழித்து அந்த உறை திரும்பி வந்தது. அம்மாள் தம் கையாலேயே எழுதியிருந்தார்கள். விற்பது பற்றித் தாங்களும் பேசிக்கொண்டிருந்ததாகவும், வீட்டில் குடியிருக்கப் போகிறவர் கையில் போவது தமக்குச் சம்மதம் என்றும், 22 இலட்சம் ரூபாய் கொடுத்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள்.

நேயர்களே, என் சோதனை இங்கேதான் தொடங்கியது. அதே சாரியில், அதே அளவுள்ள ஒரு வீடு முந்தைய ஆண்டில்தான் 36 இலட்சத்துக்குப் பதிவாகியிருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாளோ, பத்து ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் விற்ற விலையை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். என் ஓய்வூதியப் பணிக்கொடையும் சேமிப்பும் சேர்ந்து வங்கியில் 25 இலட்சம் இருந்தது. யாரோ எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு விலை சொன்னதுபோல் இருந்தது அந்தக் கடிதம்.

வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரைக் கேட்டேன். அவர் சட்டத்தைப் புரட்டிக் காட்டினார். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவில் வாங்குபவருக்கும் கடமை உண்டு. விற்பவருக்குச் சொத்தில் உள்ள உரிமையின் தன்மை, அளவு பற்றி, அதன் மதிப்பைப் பெரிதும் உயர்த்தும் செய்தி ஒன்று வாங்குபவருக்குத் தெரிந்து, விற்பவருக்குத் தெரியாதிருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். ஆனால் தெருவில் இன்று என்ன விலை போகிறது என்பது அந்தக் கடமையில் அடங்காது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படியும், வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. "சார், அவர்கள் கேட்ட விலையை நீங்கள் கொடுக்கிறீர்கள். சட்டப்படி இதில் குற்றம் ஒன்றும் இல்லை" என்றார்.

இந்தச் சொல்லைக் கேட்க எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "விடைத்தாளில் கூட்டல் தப்பி ஐந்து மார்க்கு அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று திருப்பிக் கொண்டுவந்து காட்டிய பையனைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மேடையேற்றிப் பாராட்டினீர்களே, அவன் பெயர் நினைவிருக்கிறதா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பெயர் எனக்கு நினைவிருந்தது.

அன்றிரவே மூன்றாம் கடிதம் எழுதினேன். பக்கத்தில் நடந்த விற்பனையையும் அதன் விலையையும் எழுதி, அரசின் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் மகளையோ மகனையோ பார்க்கச் சொல்லி, மேலும் இரண்டு பேரிடம் விசாரித்த பிறகு விலை சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். என்னால் 36 இலட்சம் கொடுக்க இயலாது என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். அதைத் தபாற்பெட்டியில் போட்டபோது, வீட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டதாகவே எண்ணினேன்.

நான்கு மாதம் ஒரு செய்தியும் இல்லை. அந்த நான்கு மாதமும் நான் எதிர்ச் சாரியைப் பார்க்காமலே நடந்தேன். இடையில் மகன் வந்து ஊரில் விலை விசாரித்துப் போனதாகக் கேள்விப்பட்டேன். பிறகு ஆகஸ்டு மாதத்தில் மகள் எழுதினார். மூவரும் கலந்து பேசி 33 இலட்சம் என்று முடிவு செய்திருப்பதாகவும், அதற்குக் குறைக்க இயலாது என்றும், நான் வாங்க முடிந்தால் எனக்கே தர விரும்புவதாகவும் தெரிவித்தார். கிராமத்தில் எனக்கிருந்த சிறு மனையை விற்றேன். கூட்டுறவு வங்கியில் கொஞ்சம் கடன் வாங்கினேன். அந்தக் கடன் இன்னும் முடியவில்லை.

சம்மதக் கடிதம் வந்துவிட்டதே என்று யாரும் இறுமாந்துவிட வேண்டாம். கடிதம் கதவைத் திறக்கும், வீட்டைத் தராது. சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தால்தான் நிறைவேறும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்தாக வேண்டும். ஆகவே முன்பணம் கொடுக்குமுன், மூலப் பத்திரங்களையும் வாரிசுச் சான்றையும் வில்லங்கச் சான்றையும் வக்கீல் ஒருவர் பார்த்துவிட வேண்டும். இருதரப்பாரும் நல்லவர்களாக இருப்பதே இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமாகிவிடக்கூடாது. முன்பணமாகட்டும், முழுப் பணமாகட்டும், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்திருக்கிறது. வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். செலவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். நான் 2022 ஜனவரியில் பதிவு செய்தபோது, முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11. என் வீட்டுக்கு 3,63,000 ரூபாய் ஆயிற்று. 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 ஆகக் குறைந்து, பொதுவாக நூற்றுக்கு 9 ஆகிறது. ஆனால் அப்போதே வழிகாட்டி மதிப்புகளும் உயர்த்தப்பட்டன.

இதுவரை கடிதம் எழுதுபவர்களுக்குச் சொன்னேன். கடிதம் பெறுபவர்களுக்கும், அதிலும் தனியே வாழும் முதியவர்களுக்கும், இரண்டு வார்த்தை சொல்லாமல் முடிக்க மனம் இல்லை. உங்கள் வீட்டைக் கேட்டு ஒரு கடிதம் வந்தால் அஞ்ச வேண்டாம். மகிழ்ந்து ஏமாறவும் வேண்டாம். பதில் எழுதுவது உங்கள் விருப்பம், கட்டாயம் அன்று. விலை சொல்லுமுன் உறவல்லாத இருவரிடமாவது விசாரியுங்கள். எழுதியவர் எவ்வளவு இனிமையாக எழுதியிருந்தாலும், மூலப் பத்திரத்தை அவர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள், நகலே போதும். பிள்ளைகளுக்குத் தெரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரம் ஒன்றே அவரை மறுப்பதற்குப் போதிய காரணம்.

பத்திரம் பதிவான அன்று அம்மாள் எங்களோடு வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மாடிக்குப் போக வேண்டும் என்றார்கள். முழங்கால் வலியோடு படியேறிப் போய்க் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். அரசங்கன்றை வேரோடு எடுத்து, வெடிப்பைச் சுண்ணாம்புக் காரையிட்டு அடைக்க, மகளிடம் அனுமதி கேட்டு முந்தைய வாரமே நான் கொத்தனாரை விட்டிருந்தேன். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. கீழே இறங்கிவந்து, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை மழைக்காலத்தில் எப்படித் தூக்கித் தள்ள வேண்டும் என்று என் மனைவிக்குக் காட்டிக் கொடுத்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

வீடு கேட்டு எழுத நினைக்கும் அன்பர்கள், எழுதி முடித்த கடிதத்தை உறையில் இடுமுன், அதை அந்த வீட்டுக் கூடத்தில் யாரோ ஒருவர் உரக்கப் படிக்க, அந்த வீட்டார் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன். பாதியிலேயே போதும் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள் எனத் தோன்றினால், அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள்.